மேட்டுப்பாத்திக்கு மண் எங்கே?

மலையகத்தில் வீட்டுத்தோட்டம் என்ற பேச்சு எழுந்தாலே மேட்டுப்பாத்தியைத்தான் முதலில் சொல்கிறார்கள். பலகையால் சட்டம் அடித்து, மண் நிரப்பி, கரட்டும் கீரையும் போடச் சொல்கிறார்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கத் தோட்டங்களுக்கு இந்த யோசனை பாதிதான் பொருந்தும்.

பொருந்தும் பாதி பெறுமதியானது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் ஓயாது. தட்டைப் பாத்தியில் நாற்று மஞ்சளடித்து அழுகும். ஓர் அடி உயர்த்தினால் நீர் வடிந்துவிடும். அதைவிடப் பெரிய பயன், மண்ணின் புளிப்பைத் தணிக்க முடிவது. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையிலான பீ.எச். போதும், கோவாவும் பீட்ரூட்டும் 6க்கு மேல் கேட்கும். தலைமுறைகளாகத் தேயிலை நின்று, உரம் கொட்டிப் புளித்துப்போன மண்ணில் கோவா நட்டால் வேர்வீக்க நோய் எளிதில் பிடிக்கும். வெயிலேறினால் இலை தொங்கும், மாலையில் நிமிரும். பிடுங்கினால் வேர் இஞ்சிக் கிழங்கு போல முண்டும் முடிச்சுமாக வரும். வளவு முழுவதற்கும் டொலமைட் போட ஒரு தொழிலாளர் குடும்பத்தால் முடியாது. ஒரு பாத்திக்கு முடியும். அடுப்புச் சாம்பலும் மாட்டுப்பட்டி எருவும் கையருகே இருக்கின்றன.

ஆனால் மண் எங்கிருந்து வரும்? மூன்று மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், 25 சென்ரிமீற்றர் உயரம் என்றால் முக்கால் கன மீற்றர், ஏறக்குறைய ஒரு தொன். லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டை வெட்டினால் சரிவு பிடிப்பிழக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலைகள் சரிந்ததைப் பார்த்த பிறகு, அங்கே மண்வெட்டி போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேயிலை மலையின் மேல்மண்ணை அள்ளுவதும் சரியல்ல. அது ஏற்கெனவே மழையோடு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பலகைப் பெட்டியும் சமதரைக்கு உரியது. இந்த ஈரத்தில் மலிவான பலகை சீக்கிரம் உளுத்துப்போகும். சரிவில் பாத்தி குறுக்காகக் கிடக்க வேண்டும். மேற்புறம் கான், கீழ்ப்புறம் கல்லடுக்கு. பெரிய கல்லை அடியில் பதித்து, ஒவ்வொரு வரிசையையும் சற்று உள்ளே தள்ளி, மலைப்பக்கம் சாய்த்து அடுக்க வேண்டும். சாந்து பூசக்கூடாது, கல்லிடுக்கில் நீர் கசியாவிட்டால் அடுக்கையே தள்ளிவிடும். ஓரத்தில் மானாப்புல் நட்டால் மண் நிற்கும். தை, மாசி வரட்சியில் மேட்டுப்பாத்தி மற்றதைவிட வேகமாகக் காயும். அப்போது அதே புல்லை வெட்டி மூடாக்குப் போடலாம். கான் வெட்டவும் கல் அடுக்கவும் தோட்டத்து மக்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாள் முழுக்கக் கொழுந்து பறித்து வரும் பெண்ணின் தலையிலேயே இந்த வேலையும் விழுகிறது என்பதைத்தான் யோசனை சொல்பவர்கள் மறக்கிறார்கள்.

இதைவிட ஆழமான குறை பாத்தியில் இல்லை, காணியில் இருக்கிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, எரு ஒரே போகத்தில் மண்ணை மாற்றிவிடாது என்பதை நாடே கண்டது. நல்ல பாத்தி உருவாகச் சில வருடங்கள் வேண்டும், அதுவரை நிலம் கையில் இருக்க வேண்டும். பெருந்தோட்டக் காணிகள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. லயத்தில் இருப்பவருக்கு வாசலடி நிலத்துக்குக்கூடக் காணி உறுதி கிடையாது. நாளை போ என்றால் போக வேண்டிய இடத்தில் யார் கல் அடுக்குவார்? அங்கே மூன்று மாதத்தில் பிடுங்கும் பயிரைப் போடுவதே புத்திசாலித்தனம். அதை அக்கறையின்மை என்று குறைசொல்வது அநியாயம்.

ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்களின் நிலை வேறு. அது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு போக இரண்டு மூன்று பாத்திக்கு இடமுண்டு. அங்கே மட்டம் வெட்டும்போது கறுப்பு மேல்மண்ணைச் சரிவில் தள்ளிவிட்டால், குடும்பத்துக்கு மிஞ்சுவது மஞ்சள் அடிமண்தான். அந்த மேல்மண்ணை முதலில் வழித்து, மழை அடிக்காத மூலையில் குவித்து மூடி வைக்க வேண்டும் என்று வீடமைப்பு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். பாத்திக்கு வேண்டிய ஒரு தொன் மண் அங்கேதான் இருக்கிறது.