வோல்டேஜைக் குறைத்தால் வேகம் கூடும்

எம்.எஸ்.ஐ ஆஃப்டர்பர்னரை லேப்டாப்பில் நிறுவித் திறக்கிற பலருக்கும் முதலில் வருவது ஏமாற்றம்தான். கோர் வோல்டேஜ் ஸ்லைடர் நகராது. பவர் லிமிட் ஸ்லைடரும் நகராது. பெரும்பாலான லேப்டாப்களில் இரண்டும் சாம்பல் பூத்து நிற்கும். டெஸ்க்டாப் கார்டு வைத்திருப்பவர்கள் யூடியூபில் முதல் வேலையாகச் செய்துகாட்டுவதே பவர் லிமிட்டை வலது கோடிக்கு இழுப்பதைத்தான். லேப்டாப்பில் அது பூட்டியே வருகிறது. கார்டின் வி-பயாஸில் தயாரிப்பாளர் எத்தனை வாட் எழுதினாரோ அத்தனைதான். மிச்சம் நகர்வது கோர் கிளாக்கும் மெமரி கிளாக்கும் மட்டும். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மூடிவிட்டுப் போனவர்கள் பலர். அவர்கள் கன்ட்ரோல் விசையோடு எஃப் விசையை அழுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அழுத்தினால் இன்னொரு ஜன்னல் திறக்கும். கீழே மில்லிவோல்ட், இடப்பக்கம் மெகாஹெர்ட்ஸ், நடுவே சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் ஆன ஓர் ஏறுகோடு. எந்த வோல்டேஜில் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று என்விடியா சிப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கும் அட்டவணை அது. 2016-இல் ஜி.டி.எக்ஸ் 10 வரிசை வந்ததிலிருந்து அதன் ஒவ்வொரு புள்ளியையும் நாமே தனித்தனியாகத் திருத்தலாம். சில வாரங்களாக இந்தக் கோட்டோடுதான் என் மாலைகள் போகின்றன. ஒரு லேப்டாப்பை இதைவிடப் பயனுள்ளதாக மாற்றிய இலவச மென்பொருள் எதையும் நான் பயன்படுத்தியதில்லை.

சோதித்தது ஆர்.டி.எக்ஸ் 3060 உள்ள நடுத்தர விலை லேப்டாப் ஒன்று. 6 ஜிபி மெமரி, 80 வாட், பிராசஸரின் மிச்ச மின்சாரத்தைக் கார்டுக்குத் திருப்பும் டைனமிக் பூஸ்ட் கை கொடுத்தால் 95 வாட். இந்த வாட் கணக்கை அட்டைப்பெட்டியில் எங்கும் காணோம். மென்பொருளைத் திறந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆர்.டி.எக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் 60 வாட்டிலிருந்து 115 வாட் வரை லேப்டாப் கார்டுகள் விற்கப்படுகின்றன. அதே பெயருள்ள டெஸ்க்டாப் கார்டோ 170 வாட், 12 ஜிபி மெமரி. 60 வாட்டில் ஓடுவதும் 115 வாட்டில் ஓடுவதும் ஒரே கார்டு என்று சொல்லிக் காசு வாங்குவது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. கடையில் லேப்டாப் கேட்கப் போகிறவர்கள் கார்டின் பெயரைக் கேட்ட மூச்சிலேயே வாட்டையும் கேளுங்கள்.

லேப்டாப்பில் ஓவர்கிளாக் செய்வதே கூடாது என்றுகூட ஒரு காலம் இருந்தது. 2015 பிப்ரவரியில் 900எம் வரிசைக் கார்டுகளில் அந்த வசதியை என்விடியா ஒரு டிரைவர் அப்டேட்டில் மூடிவிட்டது. இதுவரை அனுமதித்ததே ஒரு பிழையால்தான் என்று விளக்கமும் கொடுத்தது. வாங்கியவர்கள் சும்மா விடவில்லை. சத்தம் பெரிதானதும் அடுத்த மாதமே திருப்பித் தருவதாக அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் மேல் நமக்கிருக்கும் உரிமையைக் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது. இன்று கோர் கிளாக் நகர்கிறதென்றால் அன்று கத்தியவர்களுக்கும் அதில் பங்குண்டு.

இனி விஷயத்துக்கு வருவோம். லேப்டாப்பில் வேகத்தைக் கட்டிப்போடுவது கிளாக் அல்ல, வாட். 95 வாட் என்பது ரேஷனில் அளந்து கொடுத்த அரிசி மாதிரி. கூடுதலாக ஒரு பிடி கிடைக்காது. கோர் கிளாக் ஸ்லைடரில் கூட்டல் 150 என்று வைத்துவிட்டு, இவ்வளவு வேகமா என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. கேம் சூடுபிடித்த பத்தாவது நிமிடம் வாட் வரம்பில் முட்டி, கார்டு தானாகவே கீழிறங்கும். ஜிபியூ-இசட் என்ற சின்ன மென்பொருளில் பெர்ஃப்கேப் ரீசன் என்றொரு வரி உண்டு. அதில் பவர் என்று காட்டினால் வாட் தடுக்கிறது, தெர்மல் என்று காட்டினால் சூடு தடுக்கிறது. என் லேப்டாப்பில் கேம் ஓடிய நேரமெல்லாம் பவர்தான்.

அளந்து கொடுத்ததில் அதிக வேலை வாங்க வேண்டுமானால் வோல்டேஜில்தான் சிக்கனம் பிடிக்க வேண்டும். சிப் இயங்கும்போது தின்னும் மின்சாரம் கிளாக் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் கூடும். 850 மில்லிவோல்ட்டில் ஓடும் சிப்பை அதே வேகத்தில் 750-இல் ஓடவைக்க முடிந்தால், இயக்கச் செலவில் ஏறத்தாழ 22 சதவீதம் மிச்சம். அந்த மிச்சத்தைக் கிளாக் ஏற்றவும் பயன்படுத்தலாம், ஃபேன் சத்தத்தைக் குறைக்கவும் பயன்படுத்தலாம். இதைத்தான் அண்டர்வோல்ட் என்கிறார்கள்.

அப்படியானால் தொழிற்சாலையிலேயே இதைச் செய்து தரக்கூடாதா? வெளியே வரும் சிப்புகளில் ஆகச் சுமாரானதும், ஆகச் சூடான அறையிலும், பல வருடம் கழித்தும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் வோல்டேஜை வைக்கிறார்கள். நம் கையில் இருக்கும் சிப் அதைவிட நல்லதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எவ்வளவு நல்லது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் தங்கள் லேப்டாப்பில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் அடுத்தவர் சொன்ன எண்ணை அப்படியே போடாதீர்கள். என் எண்ணையும்தான்.

முதலில் எதையும் மாற்றாமல், ஆஃப்டர்பர்னரோடு கூடவே வரும் ரிவாட்யூனர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வரைக் கொண்டு திரை ஓரத்தில் கார்டின் பயன்பாடு, வாட், கிளாக், வோல்டேஜ், வெப்பம் ஐந்தையும் ஓடவிட்டு அரை மணி நேரம் கேம் விளையாட வேண்டும். கார்டின் பயன்பாடு 97, 98 என்று நின்றால்தான் இந்த வேலையால் பலன். கவுன்டர்-ஸ்டிரைக் 2, வாலரன்ட் போன்றவற்றில் பெரும்பாலும் பிராசஸர்தான் தடை. கார்டை என்ன செய்தாலும் ஃபிரேம் ஏறாது. எல்டன் ரிங் 60 ஃபிரேமுக்கு மேல் போகவே போகாது. அங்கே அண்டர்வோல்ட்டால் கிடைப்பது குளிர்ச்சி மட்டும். சைபர்பங்க் 2077 கார்டைப் பிழிந்தெடுக்கும் கேம் என்பதால் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். என் லேப்டாப்பில் கிளாக் 1,450-க்கும் 1,600-க்கும் இடையே ஊசலாடியது. வெப்பம் 86 டிகிரி.

பிறகுதான் கோடு. கோர் கிளாக் ஸ்லைடரை இடப்பக்கம் இழுத்து, கோட்டின் வலது கோடி நம் இலக்கு வேகத்துக்குக் கீழே வரும்வரை மொத்தக் கோட்டையும் இறக்கி, அப்ளை கொடுக்க வேண்டும். அடுத்து 750 மில்லிவோல்ட்டுக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றைப் புள்ளியைப் பிடித்து, 1,605 என்று வரும்வரை மேலே தூக்கி, மறுபடி அப்ளை. அந்த நொடியில் அதற்கு வலப்பக்கம் இருக்கும் புள்ளிகள் எல்லாம் எழுந்து அதே உயரத்தில் வரிசையாக நின்றுகொள்ளும். கோடு 750 வரை ஏறி, அதற்கப்புறம் தட்டையாக ஓடும். அதன் பொருள், இனி கார்டு 750-க்கு மேல் வோல்டேஜ் கேட்காது. கேட்டாலும் கூடுதல் வேகம் கிடைக்காது என்று அதற்குத் தெரியும்.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. கார்டு குளிர்ந்திருக்கும்போது போட்ட புள்ளி, சூடானதும் தானாகவே 15 மெகாஹெர்ட்ஸ், சில நேரம் 30 மெகாஹெர்ட்ஸ் கீழே நழுவும். வெப்பத்துக்கேற்பக் கிளாக்கைப் படிப்படியாகக் குறைப்பது என்விடியா பூஸ்ட்டின் இயல்பு. ஆகவே கேம் ஓடிச் சூடேறிய நிலையில் கோட்டைத் திருத்தினால்தான் நினைத்த எண் நிற்கும். ஒவ்வொரு படியும் 15 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதால் ஏற்றுவதையும் அந்த அளவிலேயே ஏற்றலாம்.

1,605-இல் நிலையாக நின்றால் 1,620. நின்றால் 1,635. என் சிப் 1,710-இல் விழுந்தது, 1,695-இல் தாங்கியது. நான் நிறுத்தியது 1,665-இல். விளிம்பிலிருந்து இரண்டு படி தள்ளி நிற்பதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். ஒரு ஃபிரேமுக்காக ஒரு மாலை விளையாட்டைப் பலி கொடுக்கத் தேவையில்லை. கடைசிக் கணக்கு இது: சைபர்பங்க்கில் 60-ஐ ஒட்டியிருந்த ஃபிரேம் 65-ஐத் தொட்டது, கிளாக் ஊசலாடுவது நின்றது, வெப்பம் 80-க்குக் கீழே வந்தது. ஐந்து ஃபிரேமைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த நிலைத்தன்மை. சண்டைக் காட்சியில் திடீரென்று திணறுவது போயே போய்விட்டது. ஃபேன் சத்தமும் ஹெட்போன் இல்லாமல் விளையாடும் அளவுக்குத் தணிந்தது.

விழுவது என்றால் என்ன ஆகும் என்று பயப்படுபவர்களுக்காக: திரை உறையும் அல்லது கறுக்கும். கார்டிலிருந்து இரண்டு நொடி பதில் வராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மறுபடி எழுப்பும். கேம் மூடிக்கொள்ளும், ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருக்கும். வோல்டேஜைக் குறைத்ததால் சிப் புகைந்து போகாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நிலையாக இருக்கிறதா என்று தெரியாமலே, விண்டோஸ் தொடங்கும்போதே அமைப்பு அமலாகும்படி அந்த ஸ்டார்ட்அப் பொத்தானை அழுத்துவதுதான் அது. ஒரு வாரமாவது கேம்களில் ஓட்டிப் பார்த்த பிறகு அதைத் தொடலாம். தப்பித் தவறிச் சிக்கினால் சேஃப் மோடில் போங்கள். அங்கே என்விடியா டிரைவர் ஏறாது, நிம்மதியாக ஆஃப்டர்பர்னரை நீக்கலாம்.

சோதனைக்கு 3டிமார்க்கின் டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட் நல்ல தொடக்கம்: 20 சுற்று ஓட வேண்டும், ஃபிரேம் நிலைத்தன்மை 97 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். டைம் ஸ்பையில் கம்பீரமாகத் தேறிய அமைப்பு ரே டிரேசிங் போட்ட கேமில் பொத்தென்று விழுவது சகஜம். ஃபர்மார்க்கை இதற்கு நான் தொடுவதில்லை. எந்தக் கேமும் செய்யாத அளவுக்கு அது வாட்டைத் தின்னும். வாட் வரம்பில் முட்டிக் கிளாக் கீழே போய்விடுவதால், நாம் சோதிக்க வேண்டிய புள்ளிக்கே கார்டு வராது.

மெமரி கிளாக் தனிக் கதை. அதை 100 மெகாஹெர்ட்ஸ் படிகளில் ஏற்றி, 400-இல் விட்டிருக்கிறேன். பலன் உண்டு, சொற்பம். அதிகமானால் திரையில் வண்ணப் புள்ளிகள் மினுக்கும், முக்கோணங்கள் பிய்ந்து பறக்கும். அப்போதே இறக்கிவிட வேண்டும். மெமரி சிப்பின் வெப்பத்தைப் பெரும்பாலான லேப்டாப்கள் காட்டுவதில்லை. தெரியாத வெப்பத்தை வைத்துக்கொண்டு 1,000 வரை ஏற்றுபவர்களின் துணிச்சல் எனக்கில்லை. தவிர, மெமரி தின்பதும் அதே 95 வாட்டிலிருந்துதான். 6 ஜிபியில் அடங்காத டெக்ஸ்சர்களுக்கோ எந்தக் கிளாக்கும் உதவாது. அமைப்பில் டெக்ஸ்சரை ஒரு படி குறைப்பதே வழி.

நம் ஊர் வெயிலையும் சொல்லியாக வேண்டும். அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் கார்டின் வெப்பமும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். வெளிநாட்டு விமர்சகர் 22 டிகிரி அறையில் எடுத்த அளவுகள் கத்திரி வெயில் காலத்து மாடி அறைக்குப் பொருந்தாது. லேப்டாப்பின் பின்பக்கத்தை ஓர் அங்குலம் தூக்கி வையுங்கள். காற்று வழியில் இருக்கும் தூசியை எடுங்கள். விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கினால் பல லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். பிராசஸரும் கார்டும் ஒரே செம்புக் குழாயில் சூட்டைக் கொட்டுவதால் ஒன்று தணிந்தால் மற்றதற்கு இடம் கிடைக்கும். பிராசஸரையும் அண்டர்வோல்ட் செய்யலாமே என்றால், 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட் பாதுகாப்புக் குறைக்குப் பிறகு பல இன்டெல் லேப்டாப்களில் பயாஸ் அப்டேட் அந்த வழியை அடைத்துவிட்டது.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு: அதிக வாட் உள்ள வேறொரு லேப்டாப்பின் வி-பயாஸை நம் கார்டில் ஏற்றுவது. மின்சுற்றும் குளிர்விப்பும் இவ்வளவு வாட்டுக்கு என்று அளந்து வைத்தவை. ஏற்றும் பாதியில் தவறினால் கார்டே எழும்பாது, வாரன்ட்டியும் போகும்.

ஆஃப்டர்பர்னரின் முகம் எனக்குப் பிடிக்காது. போர் விமானத்தின் கருவிப் பலகைபோல அலங்காரம் செய்து, எண்களைப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அமைப்புகளுக்குள் பழைய எளிய ஸ்கின்கள் இருக்கின்றன. முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். ஆனால் உள்ளே இருக்கும் வேலைத்திறனுக்கு நான் பரம விசிறி. இதன் முன்னோடியான ரிவாட்யூனர் காலத்திலிருந்து இதை எழுதிவருபவர் அலெக்ஸி நிக்கோலாய்ச்சுக் என்ற ரஷ்ய நிரலாளர். உக்ரைன் போர்ச் சூழலில் தனக்கு வரவேண்டிய பணம் நின்றுபோனதாக 2023 தொடக்கத்தில் அவர் எழுதியபோது இந்த மென்பொருள் அவ்வளவுதான் என்றே பலரும் நினைத்தோம். பிறகும் புதிய பதிப்புகள் வந்தன. எந்த நிறுவனத்தின் லேப்டாப்பாக இருந்தாலும் ஒரு பைசா கேட்காமல் ஓடுகிறது. தேடுபொறியில் முதலில் வரும் இணைப்பிலிருந்து மட்டும் இறக்காதீர்கள். வைரஸ் வைத்த போலித் தளம் ஒன்றைப் பற்றி 2021-இல் எம்.எஸ்.ஐயே எச்சரித்தது. எம்.எஸ்.ஐ தளம் அல்லது குரு3டி, இரண்டே இடங்கள்தான்.

மொத்தம் ஐந்து புரொஃபைல்களைச் சேமிக்கலாம். முதலாவதில் தொழிற்சாலை அமைப்பு, இரண்டாவதில் 750-க்கு 1,665. மூன்றாவதில் 700 மில்லிவோல்ட்டுக்கு 1,500. மே மாதத்துக்கும், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு விளையாடும் இரவுகளுக்கும் அதுதான். புது டிரைவர் போடும் அன்று முதலாவதற்கு மாறி, டிரைவரை நிறுவி, டைம் ஸ்பை ஒரு முறை ஓட்டிய பிறகே மற்றவற்றுக்குத் திரும்புகிறேன்.