பயனர் யார்? திருப்பூர்த் தையல் வரிசையில் ஒரு கலைச்சொல்

திறவுச்சொற்கள்: பயனர் அனுபவம், கலைச்சொல்லாக்கம், இடைமுகம், பின்னலாடைத் தொழில், பீஸ் ரேட்

முன்னுரை

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் வாயில்களில் தொங்கும் ஆள்தேவைப் பலகைகளில் அடிக்கடி காணப்படும் சொல் ‘அனுபவம்’. அனுபவமுள்ள ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர் தேவை என அவை அழைக்கின்றன. அங்கு அனுபவம் என்பது தொழிலாளியின் கையில் இருப்பது. ஒரு கம்பெனியை விட்டு மற்றொன்றுக்குப் போகும்போது அவர் உடன் எடுத்துச் செல்வது. கூலி பேசுகையில் முன்வைப்பது. கணினித் துறை வழங்கும் ‘பயனர் அனுபவம்’ என்ற தொடரிலோ, அனுபவம் வடிவமைப்பாளர் ஆக்கி, பிறருக்கு அளிப்பதாகிறது. 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டொனால்ட் நார்மன் தம் பதவிப் பெயரிலேயே இத்தொடரை அமைத்துக்கொண்டார். அதன்பின் அது உலகெங்கும் பரவியது. தமிழாக்கம் சொல்லுக்குச் சொல் சரியானதே. ஆயினும் திருப்பூரின் தையல் வரிசையில் வைத்துப் பார்க்கும்போது அத்தொடரின் இரு சொற்களுமே இடறுகின்றன.

பயனும் பயனரும்

ஆங்கில மூலச்சொல் ஒரு கருவியைக் கையாளுபவரை மட்டுமே குறிக்கிறது. கையாளுவதால் அவருக்கு நன்மை விளையும் என்று அது சொல்வதில்லை. தமிழ்ச்சொல் ‘பயன்’ என்பதன்மேல் கட்டப்பட்டது. நலத்திட்ட அறிவிப்புகளில் வழங்கும் ‘பயனாளி’ இதன் நெருங்கிய உறவு. எனவே ‘பயனர்’ என்றதுமே, கருவியைத் தொடுபவரும் பயன் பெறுபவரும் ஒருவரே என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் தானாகவே எழுகிறது. கைபேசி வாங்குபவருக்கு இது பெரும்பாலும் பொருந்தும். தையல் எந்திரத்தின் அருகே நிறுவப்படும் உற்பத்திக் கண்காணிப்புத் திரைக்குப் பொருந்துமா என்பதே வினா.

‘அனுபவம்’ இன்னும் சிக்கலானது. தமிழில் சுகத்தையும் அனுபவிக்கலாம், துன்பத்தையும் அனுபவிக்கலாம். நில வழக்குகளில் ‘அனுபவ பாத்தியம்’ என்பது நெடுநாள் கைவசம் வைத்திருந்ததால் விளையும் உரிமை. துன்பம், உரிமை ஆகிய இவ்விரு பொருள்களும் வடிவமைப்புத் துறையின் பேச்சில் உதிர்ந்துவிட்டன. எஞ்சியிருப்பது இனிய அனுபவம் ஒன்றே.

திரை காண்பதும் காணாததும்

இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்டதைத் தரும் இந்நகரில், ஒரு டி-சர்ட் தோள் இணைப்பு, கழுத்து, கை, பக்கவாட்டு, அடிமடிப்பு எனப் பல கைகள் மாறியே முழுமை பெறுகிறது. எண்முறைக் கண்காணிப்பில் ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் அட்டை உண்டு. டெய்லர் அதனைக் கருவியில் காட்டியதும் எண்ணிக்கை ஏறுகிறது. இலக்கும் செயல்திறன் விழுக்காடும் திரையில் தோன்றுகின்றன. விழுக்காட்டின் அடிப்படை, அவ்வேலைக்கு முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட நிமிடக் கணக்கு. இக்கணக்கின் வேர், 1911இல் அறிவியல்முறை மேலாண்மை பற்றி நூல் எழுதிய பிரெடரிக் டெய்லரிடம் உள்ளது. (தமிழ் எழுத்தில் அளந்தவரும் டெய்லர், அளக்கப்படுபவரும் டெய்லர்.)

ஒரு வேலைக்கு அரை நிமிடம் நிர்ணயம் எனக் கொள்வோம். 480 நிமிடங்களில் 960 பீஸ் தைத்தால் நூறு விழுக்காடு; 720 தைத்தவர் 75இல் நிற்பார். ஆனால் அந்நாளில் ஊசி முறிந்தும் நூல் அறுந்தும் முந்தைய மேசையிலிருந்து கட்டு வராமலும் 60 நிமிடங்கள் வீணாகியிருந்தால், 420 நிமிடங்களுக்கே கணக்கிட வேண்டும். அப்போது அதே 720, ஏறத்தாழ 86 விழுக்காடாகிறது. இந்தப் பதினொரு புள்ளிகள் டெய்லரின் தரத்தைத் தீர்மானிப்பவை. காத்திருப்புக்கெனத் தனிப் பொத்தான் வைக்கும் அமைப்புகளும் உண்டு. அதனை அழுத்தும் உரிமை யாருக்கு, அழுத்திய பதிவை மாற்றக்கூடியவர் யார் என்பவையே வடிவமைப்பின் மையக் கேள்விகள். பொத்தானின் நிறமும் அளவும் அவற்றிற்குப் பின்னரே வரவேண்டும்.

1987இல் வெளிவந்த நூலில் லூசி சச்மன், நகலெடுக்கும் பொறியின் முன் நின்றவர்கள் ஒருவரோடொருவர் பேசியதையும் தயங்கியதையும் பொறியால் அறிய இயலவில்லை என்று காட்டினார். அது உணர்ந்தது அழுத்தப்பட்ட விசைகளை மட்டுமே. தையல் வரிசையிலும் கருவிக்குத் தெரிவது அட்டை காட்டப்பட்ட கணம் ஒன்றுதான். டெய்லரின் வேகத்திற்குத் துணை நிற்கும் கைமடி வேலை, மேசை வாரியாக மட்டும் எண்ணும் கணக்கில் தனியே தோன்றாது. சுப்ரபாரதிமணியன் இந்நகரின் சாயக்கழிவைப் பற்றிய தம் நாவலுக்குச் ‘சாயத்திரை’ எனப் பெயரிட்டார். திரை என்பது காட்டுவது மட்டுமன்று, மறைப்பதும் ஆகும் என்ற பழம்பொருள் கணினித் திரைக்கும் உரியதே.

தமிழாக்கினால் தீருமா?

இடைமுகம் தமிழில் அமைந்தால் குறை நீங்கும் என்பது தமிழாய்வாளர் எளிதில் சொல்லக்கூடிய விடை. அது பாதி விடை. ஓவர்லாக், காஜா, செக்கிங், ஷிப்ட் என்பனவே வரிசையின் வழக்குச் சொற்கள். அகராதியிலிருந்து புதுச்சொல் கொண்டு வந்தால் ஆங்கிலத்தைவிட அது அந்நியமாகும். மேலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அதே வரிசையில் அமர்ந்துள்ளனர். எல்லோருக்கும் பொதுவான எழுத்து எண்கள் மட்டுமே. ஆகவே எந்த எண்ணைக் காட்டுவது என்பது எந்த மொழியில் காட்டுவது என்பதற்கு முந்திய தெரிவு. விழுக்காட்டுக்குப் பதிலாக அன்றைய கூலி ரூபாயில் தெரிந்தால், ஒடியா பேசுபவரும் தமிழ் பேசுபவரும் அதனை உடனே சரிபார்ப்பர்.

சரிபார்ப்பது புதிதன்று. பீஸ் ரேட்டில் தைப்பவர் தம் கணக்கைச் சிறு நோட்டில் குறித்துவைத்து, சனிக்கிழமைச் சம்பளத்தின்போது கம்பெனிக் கணக்கோடு ஒப்பிடும் வழக்கம் உண்டு. மோசமான கையெழுத்தில், எண்ணெய்க் கறையோடு இருந்தாலும், அந்நோட்டு டெய்லருக்கே சொந்தமான சான்று. எண்முறைப் பதிவு அதனைவிடத் துல்லியமானது. ஆனால் அது இருப்பது நிறுவனத்தின் கணினியில். 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காகத் தரவைக் கையாள ஒப்புதல் தேவையில்லை என 7ஆம் பிரிவில் இடமளிக்கிறது. தம் தரவைக் கேட்டுப் பெறும் உரிமையையோ 11ஆம் பிரிவு ஒப்புதல் தந்தவர்களுக்கே வழங்குகிறது. ஒப்புதலே கேட்கப்படாத டெய்லர் இவ்வுரிமைக்கு வெளியே நிற்கிறார். ‘அனுபவ பாத்தியம்’ என்ற பழைய சொல் இங்குதான் தேவைப்படுகிறது.

சட்டம் கட்டாயப்படுத்தாததை வடிவமைப்பு செய்யத் தடையில்லை. ஷிப்ட் முடிவில் பீஸ் எண்ணிக்கை, காத்திருந்த நிமிடங்கள், கூலி ஆகிய மூன்றும் அச்சிட்ட சீட்டாகவோ கைபேசிக் குறுஞ்செய்தியாகவோ டெய்லரிடம் சேர்வது தொழில்நுட்ப அளவில் மிக எளிது. அதைச் செய்யாத அமைப்பின் ஆவணங்களில் ‘பயனர்’ என்ற சொல் வரும் இடங்களில் எல்லாம் லைன் சூப்பர்வைசர், உற்பத்தி மேலாளர், டெய்லர் எனப் பிரித்து எழுதிப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. டெய்லரின் பெயர் அந்த வாக்கியங்களில் எத்தனை முறை எழுவாயாக வருகிறது என்பதை அப்போது எண்ணிவிடலாம்.