கீரிமலையைக் காட்டாத கீரிமலைப் படங்கள்

யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடிந்தால் 'அவுட்டோர்' என்று மாப்பிள்ளை பொம்பிளையைக் கூட்டிப் போகிற இடங்களில் கீரிமலையும் ஒன்று. காரணம் கேட்கத் தேவையில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் உப்புக் கடல், இந்தப் பக்கம் நன்னீர்க் கேணி. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தடியால் ஓடி, கடலின் விளிம்பிலேயே ஊற்றாக எழும்புகிறது. ஆனால் அல்பத்தைப் புரட்டினால் கேணியுமில்லை, மதிலுமில்லை. கூர்மையாக இரண்டு முகங்கள். பின்னால் நீலமும் பச்சையும் குழைந்த ஒரு பூச்சு. அது கசூரினாக் கடற்கரையாகவும் இருக்கலாம், நீர்கொழும்பாகவும் இருக்கலாம்.

பின்னணியைக் கரைக்கும் இந்த முறையை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. 85 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 1.4இல் முழுதாகத் திறந்து, இரண்டு மீற்றர் தூரத்தில் நிற்பவரைப் படமெடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ நாலரை சென்ரிமீற்றர்தான். கண்ணிமை மயிர் எண்ணத்தக்கதாகத் தெரியும். காது கரையத் தொடங்கிவிடும். பார்ப்பவரின் கண் வேறெங்கும் போகாது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படும் நன்மை வேறு. கேணியில் எந்நேரமும் யாரோ குளித்துக்கொண்டிருப்பார்கள். ஈர உடம்போடு நிற்கும் அந்த மனிதர்கள் யாருடைய கலியாண அல்பத்திலும் வரச் சம்மதித்தவர்கள் அல்லர். அவர்களை அடையாளம் தெரியாமல் கரைத்துவிடுவது ஒரு மரியாதை.

கேடும் அதே நாலரை சென்ரிமீற்றரில்தான் இருக்கிறது. பொம்பிளையைவிட மாப்பிள்ளை அரை அடி பின்னால் நின்றால் ஒருவர் முகம் மங்கிவிடும். ஆகவே இருவரையும் கன்னத்தோடு கன்னம் ஒட்டவைக்கிறார்கள். எல்லா அல்பங்களிலும் ஒரே நிலைகள் திரும்பத் திரும்ப வருவதற்கு லென்ஸும் ஒரு காரணம். முன்பு ஸ்ரூடியோக்களில் ஆறும் அரண்மனைப் படியும் தீட்டிய திரைச்சீலைக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்தார்கள். இன்று உண்மையான கடலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, அந்தக் கடலையே திரைச்சீலை ஆக்குகிறோம்.

மென்மையான குவியத்தைக் கலையாக்கிய படப்பிடிப்பாளர்களில் முதன்மையானவர் ஜூலியா மார்கரெட் கமரன். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்தவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களில் மங்கல் முகத்தின் மேலேயே படிந்து உள்ளுணர்வைக் காட்டியது. அந்த மனிதர்களில் பலரின் பெயரும் நமக்குத் தெரியும். இலங்கையில் அவர் எடுத்த உழைப்பாளிகளில் பெரும்பாலானோருக்குப் படத்தலைப்பில் பெயரில்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும், யார், எவ்விடம் என்று தெரியாத முகம் வெறும் வகைமாதிரியாகவே எஞ்சுகிறது.

கீரிமலையில் இந்த இழப்பு கனமானது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. போரில் சேதமடைந்த இங்குள்ள நகுலேஸ்வரம் கோயிலுக்கு 2012இல்தான் கும்பாபிஷேகம் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்குக் கீரிமலை பெரியவர்கள் சொல்லக் கேட்ட கதை மட்டுந்தான். ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து இந்தக் கேணிப் படிக்கட்டில் நிறுத்துகிற குடும்பத்துக்கு, இங்கே நிற்க முடிகிறது என்பதே செய்தி. அந்தப் படிக்கட்டை அழித்துவிட்டு எடுத்த படம் அவர்களுக்கு எதைச் சொல்லும்?

மாற்று வழி கடினமானதல்ல. மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். ஃபுல் ஃபிரேம் கமராவில் 35 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 8இல் வைத்து, ஐந்து மீற்றரில் நிற்பவர்மேல் குவித்தால், இரண்டரை மீற்றரிலிருந்து அடிவானம்வரை ஏறத்தாழ எல்லாமே தெளிவாக விழும். படத்தைக் கிடையாகப் பிடித்தால் ஆள் அதன் பாதி உயரத்துக்கு நிற்பார். முகம் சிறுக்கும், ஆனால் நிற்கிற தோரணை, சாறித் தலைப்பில் பிடிக்கிற கடற்காற்று, காலடிக் கல் எல்லாம் வந்து சேரும்.

இதன் குறைகளும் சின்னவையல்ல. பிளாஸ்ரிக் போத்தல், நிறுத்திவைத்த வான், தலையிலிருந்து முளைத்தது போன்ற மின்கம்பம் என்று எதுவும் தப்பாது. அடிவானம் ஆளின் கழுத்தை வெட்டுவதுதான் அடிக்கடி காணும் பிழை. சமநிலத்தில் கமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில்தான் அடிவானம் ஆளின்மேல் கோடு போடும். குந்தியிருந்து எடுத்தால் கோடு இடுப்புக்கு இறங்கும். மேற்படியில் ஏறி, கீழ்ப்படியில் நிற்பவரை எடுத்தால் கடல் தலைக்கு மேலே போய்விடும். கீரிமலையின் படிகள் இதற்கென்றே அமைந்தவை போல இருந்தும், முழங்காலை மடக்கிப் பார்க்கிறவர்கள் குறைவு.

வெளிச்சமும் இந்த ஊரில் சாதகம். கடல் வடக்கே இருப்பதால், கடலைப் பின்னால் வைத்து எடுக்கும்போது காலை வெயிலும் மாலை வெயிலும் பக்கவாட்டில் விழும்; முகத்துக்கு உருவம் கிடைக்கும். போலரைசர் வடிகட்டியும் வெயிலுக்குச் செங்குத்தான திசையில்தான் வானத்தில் நன்றாக வேலை செய்யும். தண்ணீரின் பளபளப்பை அது வெட்டிவிட்டால் கேணியின் அடிக்கல் தெரியத் தொடங்கும். மத்தியானம் வந்து நின்றுகொண்டு கண்குழி கறுக்கிறது என்று லென்ஸை முழுதாகத் திறப்பவர்கள், விடிய ஏழு மணிக்கு வந்தால் குளிப்பவர் கூட்டமும் குறைவாக இருக்கும்.

குளிப்பவர்களின் அந்தரங்கத்துக்கும் மங்கலைவிட நல்ல வழி நிற்கும் கோணத்தை மாற்றுவது. ஆடி அமாவாசையில் இங்கே தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்யும் ஆண்களை நீள லென்ஸால் தூரத்திலிருந்து பிடுங்கி எடுக்கும் படங்களுக்கோ எந்தக் குவியமும் நியாயமாகாது. அங்கே மங்கலாக்கப்படுவது சுற்றியிருப்பவர்கள். கூர்மையாக வெளிப்படுவது அழுகிறவரின் முகம். கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

போனில் வரும் போர்ட்ரெயிட் மோட் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது கணக்குப் போட்டு வெட்டுகிறது. காற்றில் பறக்கும் மயிரையும் சாறிக் கரையையும் பல வேளைகளில் சேர்த்தே வெட்டிவிடுகிறது.

"கேட்கிறது இதைத்தானே" என்று படப்பிடிப்பாளர்கள் சொல்வார்கள். அது உண்மை; ஆனால் மாதிரி அல்பத்தில் இது மட்டுமே இருந்தால் வேறெதைக் கேட்பார்கள்? எஃப் 8இல் எடுத்த படங்கள் கொண்ட இரண்டு பக்கங்களையாவது மாதிரியில் சேர்த்து வைக்கட்டும். படமெடுக்கப் போகுமுன் வீட்டிலுள்ள மூத்தவரிடம், தான் குளித்த இடம் எந்தப் படி, உடுப்பு மாற்றியது எந்தப் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், ஆளை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு அங்கேயே பாதி விடை வந்துவிடும்.