தொகையும் குவியலும்: பர்டிக்கின் பட அட்டைத் தொகுப்பு – ஒரு மதிப்பீடு

வழிநூலின் வகைகளைக் கூறப்புகும் தொல்காப்பிய மரபியல், தொகுத்தலை முதற்கண் வைக்கிறது. பிறர் ஆக்கியவற்றைத் திரட்டி, முறைப்படுத்தித் தருவதும் நூல் செய்வதே என்பது இதனால் பெறப்படும். இதற்கு அகநானூறே தக்க சான்று. அந்நூலில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் பாலைக்குரியவை. இரண்டிலும் எட்டிலும் முடியும் எண்கள் குறிஞ்சிக்கும், நான்கில் முடிவன முல்லைக்கும், ஆறில் முடிவன மருதத்திற்கும், பத்தின் மடங்காக வருவன நெய்தலுக்கும் உரியன. எண்ணைக் கேட்ட அளவிலேயே பாடலின் திணையைச் சொல்லிவிடலாம். இவ்வொழுங்கு பாடிய புலவர் தந்ததன்று; தொகுத்தவர் தந்தது.

தொகைக்கும் குவியலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும். குவியலில் பொருள்கள் அருகருகே கிடக்கின்றன. தொகையில் அவை ஒன்றையொன்று விளக்குகின்றன. குவியலிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டால் அளவு மட்டுமே குறையும். தொகையிலிருந்து ஒன்றை எடுத்தால் அறிவு குறையும்.

இவ்வளவுகோலை இலக்கியத்திற்கு வெகு தொலைவிலுள்ள ஒரு துறையில் வைத்துப் பார்ப்பதும் பயன் தருவதே. சிகரெட்டுப் பெட்டியிலும் மிட்டாய் உறையிலும் வைத்துத் தரப்பட்ட பட அட்டைகளை அமெரிக்காவில் பலர் நூறாண்டுக்கும் மேலாகச் சேர்த்து வந்துள்ளனர். இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்கியோர் ஒரு சாரார். பெருஞ்செல்வம் தரும் முதலீடெனப் போற்றுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் காணத் தவறிய ஒன்றை ஒரு மனிதரின் உழைப்பு காட்டுகிறது. அவர் ஜெபர்சன் பர்டிக் (1900–1963).

அட்டையின் இயல்பு

தொகுப்பை மதிப்பிடுமுன் தொகுக்கப்பட்ட பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெல்லிய தாள் உறையில் விற்கப்பட்ட சிகரெட்டுகள் நசுங்காதிருக்கத் தடித்த அட்டைத் துண்டு ஒன்றை உள்ளே செருகினர். வெற்றட்டையாகச் சென்ற அதில் படம் அச்சிட்டால் விளம்பரமும் ஆகும் என்பதை வணிகர் கண்டுகொண்டனர். நடிகையர், போர்வீரர், பறவைகள், கொடிகள், விளையாட்டு வீரர் என எல்லாமே அட்டையில் ஏறின.

ஆலன் அண்டு ஜின்டர் என்னும் புகையிலை நிறுவனம் 1887-இல் உலக வெற்றி வீரர்கள் என்ற பெயரில் 50 வண்ண அட்டைகளை வெளியிட்டது. பேஸ்பால் ஆட்டக்காரர், குத்துச்சண்டை வீரர், மல்லர், படகோட்டிகள் ஆகியோரோடு, காட்சி அரங்குகளில் துப்பாக்கி சுட்டுப் புகழ் பெற்ற ஆனி ஓக்லியும் எருமை பில் எனப்பட்ட வில்லியம் கோடியும் அவற்றில் இடம் பெற்றனர். விளையாட்டும் கேளிக்கையும் அன்று ஒரே மேடையில் நின்றமைக்கு இத்தொகுதி சான்றாகும்.

அட்டைக்கு இரு பக்கங்கள் உண்டு. முன்பக்கம் கண்ணைக் கவரும். அட்டையை வெளியிட்டவரின் நோக்கத்தைப் பின்பக்கமே வெளிப்படுத்தும். 1909 முதல் 1911 வரை வெளிவந்த புகழ்பெற்ற பேஸ்பால் அட்டைகளின் பின்பக்கத்தில் சிகரெட்டு விளம்பரமே இருந்தது. ஆட்டக்காரரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. 1952-இல் டாப்ஸ் என்னும் சூயிங்கம் நிறுவனம் வெளியிட்ட 407 அட்டைகளின் பின்பக்கத்திலோ ஆட்டக்காரரின் வரலாற்றுச் சுருக்கமும், முந்திய ஆண்டிலும் வாழ்நாளிலும் அவர் எடுத்த ஆட்டக் கணக்கும் அச்சாயின. முன்னதில் ஆட்டக்காரர் புகையிலைக்கு அணியாக நின்றார். பின்னதில் சிறுவன் படித்து, ஒப்பிட்டு, வாதிடத்தக்க செய்திக்கு உரியவரானார். நாற்பது ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இம்மாற்றம் பின்பக்கத்தைப் படிப்போர்க்கே புலப்படும்.

இவ்வடிவத்தின் உள்ளே ஒரு சூழ்ச்சியும் உண்டு. முழுமை அடையாத வரையில்தான் வாங்குவோர் மீண்டும் வாங்குவர். கௌடி என்னும் நிறுவனம் 1933-இல் 240 எண்கள் கொண்ட தொகுதியை வெளியிட்டபோது 106 ஆம் எண்ணுக்குரிய அட்டையை அச்சிடவே இல்லை. சிறுவர்கள் அதனைத் தேடிக் காசைச் செலவிட்டனர். எழுதிக் கேட்டோர்க்கு மறு ஆண்டில் அந்த எண்ணில், ஓய்வுபெற்று நெடுநாளாகிவிட்ட நாப் லாஜ்வேயின் அட்டை அனுப்பப்பட்டது. தொகுக்கும் ஆசையை வணிகம் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பர்டிக் செய்தது

இத்தகைய வணிகப் பொருளிலிருந்து அறிவுத்துறை ஒன்றை உருவாக்க முயன்றவர் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில், மின்கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் உழைத்தவர்; செல்வர் அல்லர். கடுமையான மூட்டுவாதம் அவர் கைகளையும் உடலையும் முடக்கி வந்தது. ஆயினும் 1937-இல் அட்டை சேர்ப்போர்க்கென ஒரு சிற்றிதழைத் தொடங்கினார். 1939-இல் அட்டைகளின் பட்டியல் நூலை வெளியிட்டார். அமெரிக்க அட்டைப் பட்டியல் என்ற பெயரில் அது 1946, 1953, 1960 ஆகிய ஆண்டுகளில் விரிந்து வெளிவந்தது.

அந்நூலின் சிறப்பு அதன் வகைப்பாட்டில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு என் என்ற எழுத்து. இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு டி. முற்கால மிட்டாய், சூயிங்கம் அட்டைகளுக்கு இ. 1930-க்குப் பிற்பட்டவற்றுக்கு ஆர். ரொட்டிக் கடை அட்டைகளுக்கு மற்றோர் எழுத்து. எழுத்தை அடுத்து வரும் எண், தொகுதியைக் குறிக்கும். மேலே சொல்லப்பட்ட 1909–1911 ஆம் ஆண்டுத் தொகுதி டி206 ஆயிற்று. பெயரோ ஆண்டோ அச்சிடாமல் சிதறிக் கிடந்த அட்டைக்கும் இவ்வாறு ஒரு முகவரி கிடைத்தது. அகநானூற்றின் எண் திணையைச் சொல்வது போல, பர்டிக்கின் குறி அட்டையின் காலத்தையும் பிறப்பிடத்தையும் சொல்லும்.

அவர் தொகுத்தவை விளையாட்டு அட்டைகள் மட்டும் அல்ல. விளம்பர அட்டை, அஞ்சல் அட்டை, வாழ்த்து அட்டை என அச்சில் வந்து குப்பைக்குச் செல்லும் எளிய தாள்கள் அனைத்தையும் அவர் மதித்தார். 1947-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தின் அச்சுப்படப் பிரிவை அணுகினார். அதன் தலைவர் ஹையாட் மேயர் அத்தொகுப்பின் அருமையை உணர்ந்தார். பர்டிக் பின்னர் நியூயார்க்கிற்கே குடிபெயர்ந்து, அட்டைகளை வரிசைப்படுத்திப் பெரும் படப்புத்தகங்களில் ஒட்டினார். 1963 சனவரியில் பணி முடிந்தது. மார்ச்சு மாதத்தில் அவர் மறைந்தார். 300,000-க்கும் மேற்பட்ட அட்டைகளும் தாள்களும் அவர் கொடையாக அங்கே உள்ளன. அவற்றுள் பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30,000-க்கு மேல். அருங்காட்சியகம் இவற்றைச் சிறு சிறு தேர்வுகளாக மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைத்து வருகிறது.

குறை காணும் இடங்கள்

பர்டிக்கின் பணியில் குறையே இல்லை எனல் பொருந்தாது. பெரும்பாலான அட்டைகளை அவர் பசையிட்டு ஒட்டினார். முழுதும் ஒட்டப்பட்ட அட்டையின் பின்பக்கம் கண்ணுக்கு மறைந்துவிடும். பின்பக்கமே வெளியிட்டோர் நோக்கத்தைச் சொல்லும் என்ற நிலையில், இது சிறிய இழப்பன்று. இன்றைய பாதுகாப்பு முறை அறிந்தோர் எவரும் இவ்வாறு செய்யார்.

விலையை முதலில் அச்சேற்றியதில் அவருடைய நூலுக்கும் பங்குண்டு என்பது இரண்டாவது குறை. டி206 தொகுதியில் பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை வெளியீட்டின் இடையிலேயே நிறுத்தப்பட்டது. தம் படத்திற்காகச் சிறுவர் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு விளக்கம். தமக்குரிய ஊதியம் தரப்படவில்லை என்று மறுத்தார் என்பது மற்றொரு விளக்கம். எவ்வாறாயினும் அவ்வட்டை அரிதாயிற்று. சாதாரண அட்டைகளுக்குச் சில காசுகளே குறித்த பர்டிக்கின் பட்டியல், வாக்னர் அட்டைக்கு 50 அமெரிக்க வெள்ளி எனக் குறித்தது. பரிமாற்றத்திற்கு ஓர் அளவு வேண்டும் என்ற கருத்தில் எழுதப்பட்ட விலைகள், பின்வந்தோர் சிலருக்கு நூலின் ஒரே பயனாகத் தோன்றின.

சந்தையின் வாசிப்பு

பின்வந்தவர் வளர்த்த முறை வேறு. வாக்னர் அட்டைகளில் இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ 60. அவற்றுள் ஒன்றை 1991-இல் பனிவளைகோல் வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் புருஸ் மக்னாலும் 451,000 வெள்ளிக்கு ஏலத்தில் எடுத்தனர். அட்டைகளுக்கு ஒன்று முதல் பத்து வரை தரமிட்டு நெகிழியுறையில் அடைத்துத் தரும் நிறுவனம் ஒன்று அவ்வாண்டில் தொடங்கியபோது, அதன் முதல் எண் இவ்வட்டைக்கே வழங்கப்பட்டது. கிடைத்த தரம் எட்டு. 2007-இல் அது 2.8 மில்லியன் வெள்ளிக்கு விலைபோயிற்று. 2013-இல் ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ வேறொரு மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, இவ்வட்டையின் ஓரங்களைத் தாம் வெட்டிச் சீராக்கியதையும் ஒப்புக்கொண்டார். தரமிட்டோர் புகழ்ந்த கூர்மையான ஓரம் கத்தி தந்த கூர்மை என்பது அப்போது வெளிப்பட்டது.

1952 ஆம் ஆண்டு டாப்ஸ் தொகுதியின் கதையும் நோக்கத்தக்கது. அத்தொகுதியை வடிவமைத்த சை பெர்கர், விற்காமல் தேங்கிய அட்டைப் பெட்டிகளை 1960-இல் படகிலேற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகக் கூறியுள்ளார். அத்தொகுதியைச் சேர்ந்த மிக்கி மாண்டிலின் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 12.6 மில்லியன் வெள்ளிக்கு விற்றது. விளையாட்டு நினைவுப்பொருள் எதற்கும் அதுவரை கிட்டாத விலை அது. அவ்வட்டையில் அச்சாகியிருந்த செய்தி மாறவில்லை. எஞ்சிய படிகளின் எண்ணிக்கையும் மூலைகளின் கூர்மையுமே விலையை வகுத்தன.

சந்தை ஒன்றும் செய்யவில்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. விலை ஏறியதால்தான் பரண்களில் கிடந்த பல அட்டைகள் நெருப்புக்கும் குப்பைக்கும் தப்பின. ஆயினும் சந்தை அட்டையை வாசிக்கும் முறை குறுகியது. அது மூலையைப் பார்க்கிறது, முகத்தைப் பார்ப்பதில்லை. ஒன்றைத் தனியே பிரித்து அடைப்பதால் அதன் உறவுகள் அறுந்துபோகின்றன. விந்தை யாதெனின், அந்நெகிழியுறையின் மேற்சீட்டிலும் டி206 என்றே எழுதப்படுகிறது. விலைகள் எத்தனையோ மாறிய பின்னும் தொழிலாளி ஒருவர் தந்த குறி மாறவில்லை.

இல்லாதவர்களைக் காட்டும் தொகை

முறைப்படுத்திய தொகையின் உயர்ந்த பயன் ஒன்றுண்டு. அஃது உள்ளவற்றை மட்டும் அன்றி, இல்லாதவற்றையும் காட்டும். டி206 தொகுதியில் 520-க்கு மேற்பட்ட அட்டைகள் உள்ளன. அவற்றை வரிசையாகப் பார்த்து வருவோர்க்கு ஒரு கேள்வி எழும்: கறுப்பின ஆட்டக்காரர் எங்கே? 1880-களின் பிற்பகுதி தொடங்கி, 1947-இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும் வரை பெரிய ஆட்டக் கழகங்கள் அவர்களுக்குக் கதவை அடைத்திருந்தன. கழகம் ஒதுக்கியோரை அட்டையும் ஒதுக்கிற்று. பெரும் அடியாளர் எனப் போற்றப்பட்ட ஜாஷ் கிப்சன், ராபின்சன் களமிறங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன் மறைந்தார். அவர் வாழ்நாளில் அமெரிக்கப் புகையிலை, சூயிங்கம் நிறுவனங்களின் பெருந்தொகுதிகள் அவருக்கு இடம் தரவில்லை. 1949-இல் பௌமன் நிறுவனத்தின் தொகுதியில் ராபின்சனும் சாச்சல் பெய்ஜும் காணப்படுகின்றனர்.

இம்மாற்றத்தைத் தனித்த ஓர் அட்டை சொல்லாது. பல மில்லியன் வெள்ளி பெறும் வாக்னர் அட்டையை எத்துணை நேரம் உற்றுப் பார்ப்பினும் கிப்சன் அதில் இல்லை என்பது தோன்றாது. நாற்பதாண்டுத் தொகுதிகளை ஒருங்கே வைத்துப் படிக்கும்போதே அந்த வெற்றிடம் கண்ணில் படும். பர்டிக் இதனை எண்ணித்தான் தொகுத்தார் என்பதற்கில்லை. தொகுப்பாளர் எண்ணாததையும் பின்வருவோர் காண இடமளிப்பது நல்ல தொகையின் இலக்கணம்.

முடிவுரை

பர்டிக்கின் அட்டைகள் பசை பட்டவை. சந்தைக் கணக்கில் பழுதுபட்டவை. மீண்டும் விற்க இயலாதவாறு அவற்றை ஒட்டிய செயல், ஒரு வகையில் அவற்றைச் சந்தையிலிருந்து மீட்ட செயலும் ஆயிற்று. பின்பக்கங்கள் சில மறைந்தது உண்மையான இழப்பு. அவ்விழப்பையும் கணக்கிட்ட பின்னும், வரிசையும் குறியும் பட்டியலும் பொதுமக்கள் உரிமையும் கொண்ட அவருடைய படைப்பே தொகை என்னும் பெயருக்கு உரியது. நெகிழியில் அடைபட்டுப் பெட்டகத்தில் உறங்கும் அட்டைகள் எத்தனை மில்லியன் பெறினும் விலையுயர்ந்த குவியலே ஆகும்.

அஞ்சல்தலையோ, நாணயமோ, பட அட்டையோ, எதைச் சேர்க்கும் மாணவனுக்கும் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு. இது என்ன விலை பெறும் என்பதன்று அவ்வினா. இதன் அருகில் எதனை வைத்தால் இது பேசும் என்பதே. அவ்வினாவை எழுப்பக் கற்றுத் தரும் ஆசிரியர், அவன் கையிலுள்ள குவியலைத் தொகையாக மாற்றும் வழியைத் திறந்துவிடுகிறார்.