அற்புதமும் அடையாளமும்: யோவான் நற்செய்தியின் தமிழாக்கங்கள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

இறைவனிடமிருந்து வந்தவர் என ஒருவர் போற்றப்படும்போது அதற்குரிய சான்று யாது? அவர் நிகழ்த்திய அற்புதங்களே சான்று என்பது கிறித்துவ மரபு தந்த விடைகளுள் முதன்மையானதாகும். ஜான் லாக்கின் மறைவுக்குப் பின் 1706இல் வெளிவந்த அவரது கட்டுரை, அற்புதத்தை இறைத்தூதரின் நற்சான்றாகக் கொண்டது. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கமும் அற்புதங்களை இறைவெளிப்பாட்டின் உறுதியான அடையாளங்கள் என்றது. 1748இல் டேவிட் ஹியூம் எழுப்பிய மறுப்பு, அத்தகு நிகழ்ச்சிகளுக்கான சாட்சியம் நம்பத்தக்கதா என்பது பற்றியது. நாம் இங்கு ஆராய்வது அதனின் வேறானது. நற்செய்தி நூல்கள் தாமே அற்புதத்தைச் சான்றாகக் கொள்கின்றனவா? தமிழ்வழிப் படிப்போர்க்கு இவ்வினா ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலோடு பிணைந்தே வருகின்றது.

ஒரு சொல், இரு தமிழாக்கம்

இயேசுவின் வியத்தகு செயல்களைச் சுட்ட மாற்கு ஆளும் கிரேக்கச் சொல் ஆற்றலைக் குறிக்கும் 'துனாமிஸ்' என்பதாகும். யோவானோ அச்சொல்லை விடுத்து, அடையாளம் எனப் பொருள்படும் 'செமேயோன்' என்பதனையே ஆள்கிறார்.

1871இல் நிறைவுற்று, புரொட்டஸ்தாந்து திருச்சபையினரிடையே இன்றும் பெருவழக்காயுள்ள வேதாகமத்தில், கானாவூர்த் திருமணத்தில் தண்ணீர் திராட்சை இரசமான நிகழ்ச்சி 'அற்புதம்' எனப்படுகிறது (யோவான் 2:11). அதே அதிகாரத்தில், ஆலயத்திலிருந்து வணிகரை வெளியேற்றிய இயேசுவிடம் யூதர் கேட்பதோ 'அடையாளம்' (2:18). மூலத்தில் இரண்டும் செமேயோனே. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இப்பிளவு உண்டு. மாற்கு 8:12இல் இயேசு தர மறுப்பதும் இந்தச் செமேயோனைத்தான். அங்கும் தமிழில் அடையாளம் என்றே உள்ளது. இவற்றை அடுத்தடுத்துப் படிப்பவர், இயேசு அற்புதங்களைச் செய்தார், அடையாளம் என்னும் வேறொன்றை மறுத்தார் என்றே கொள்வர். மறுக்கப்பட்டதும் நிகழ்த்தப்பட்டதும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன என்னும் முரண் அவர் கண்ணில் படாமலே போகிறது.

இது வெறும் சொல் வேறுபாடன்று. அற்புதம் என்பது காண்பவரிடத்துத் தோன்றும் வியப்பினின்று பிறந்த பெயர். தொல்காப்பியம் கூறும் மருட்கை என்னும் மெய்ப்பாட்டோடு ஒத்தது. அடையாளமோ தன்னைக் கடந்து பிறிதொன்றைச் சுட்டுவது. மேலும், பெரியபுராணத்தில் சம்பந்தரின் அனல்வாதமும் புனல்வாதமும் சமயப் பூசலுக்கே தீர்ப்பாக அமைதலை அறிந்த தமிழ் வாசகர், அற்புதம் என்றதும் வழக்கு முடிந்தது என எண்ணுதல் இயல்பேயாகும்.

சான்றின் எல்லை

விவிலியம் வழக்கை அவ்வளவு எளிதில் முடிப்பதில்லை. இயேசு பேயோட்டியதை மறைநூல் அறிஞர் மறுக்கவில்லை. அது பேய்களின் தலைவனது ஆற்றலால் நிகழ்ந்தது என்றே குற்றஞ்சாட்டினர் (மாற்கு 3:22). நிகழ்ச்சியை ஏற்றும் அதிகாரத்தை மறுக்கலாம் என்பதற்கு இதுவே தக்க சான்று. பிற தெய்வங்களை வழிபட அழைக்கும் தீர்க்கதரிசி சொன்ன அடையாளம் பலித்தாலும் அவனுக்குச் செவிசாய்க்கலாகாது என உபாகமம் 13ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. அடையாளங்களைக் கண்டு நம்பியோரை இயேசு நம்பி இணங்கவில்லை என யோவானே கூறுகிறார் (2:23-24).

எதிர்ச்சான்றுகளையும் நாம் மறைத்தலாகாது. பாவங்களை மன்னிக்கும் அதிகாரம் தமக்குண்டு என்பதை அறியும்பொருட்டு இயேசு திமிர்வாதக்காரனை எழுந்து நடக்கச் செய்கிறார் (மாற்கு 2:10-12). தம் சொல்லை நம்பாவிடினும் செயல்களையாவது நம்புமாறு கூறுகிறார் (யோவான் 10:38). ஆயினும் திமிர்வாதக்காரன் எழுந்து நடப்பது வெறும் ஆற்றல் விளக்கமன்று. மன்னிப்புப் பெற்றவனின் விடுதலையைக் கண்முன் காட்டுவது. செயலுக்கும் சொல்லுக்கும் உள்ள இவ்வியைபே அதனைச் சான்றாக்குகிறது. அருமை மட்டுமே சான்றாகுமெனில் பார்வோனின் மந்திரவாதிகளும் சான்று பெற்றோராவர்.

பொதுமொழிபெயர்ப்பின் பங்கு

கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம், கானாவூர் நிகழ்ச்சியை 'அரும் அடையாளம்' என்கிறது. மூலத்தின் சொல்லுறவை மீட்டமையால் இது பாராட்டத்தக்கது. எனினும் 'அரும்' என்னும் அடை மூலத்தில் இல்லை. யூதர் கேட்குமிடத்தும் மாற்கிலும் அடையின்றி 'அடையாளம்' என்றே நிற்கிறது. நீக்கப்பட்ட வியப்பு பின்வாயில் வழியே மீண்டும் நுழைகிறது எனலாம். அடையின்றி ஆண்டிருப்பின் யோவானின் கருத்து இன்னும் தெளிவுபட்டிருக்கும் என்பது நம் துணிபு.

முடிவுரை

வியப்பு அதிகாரத்தை நிறுவாது. வியப்புக்குரிய செயல் எதனைச் சுட்டுகிறது என்பதே நற்செய்தியாளர் எழுப்பும் வினா. பழைய தமிழாக்கம் அவ்வினாவை மறைத்தது. புதியது பெரும்பகுதி வெளிப்படுத்தியது. கிறித்துவத் தமிழைக் கற்பிப்போர் இவ்விரு பாடங்களையும் ஒருசேர மாணவர்முன் வைத்தல் நன்று. ஒரு சொல்லின் தேர்வு ஒரு சமயத்தின் சான்றுக் கோட்பாட்டையே மாற்றவல்லது என்பதை அவர்கள் அதன்வழி நேரே உணர்வர்.