வரமும் வளர்ப்பும்: அருளப்பன் வரலாற்று நூலை முன்வைத்து

ஜி. எச். லாங் 1939இல் வெளியிட்ட ஆங்கில நூல், 'ஓர் இந்தியக் கிறிஸ்தவரின் வரலாறும் நாட்குறிப்புகளும்' எனப் பொருள்படும் தலைப்புடையது. ஜான் கிறிஸ்டியன் அருளப்பனைப் (1810-1867) பற்றி அறிய விரும்புவோர் இன்றும் இந்நூலையே நாடுகின்றனர். ஆவியின் வரங்கள் நம் மண்ணிலும் பொழியப்பட்டன என்பதற்குச் சான்றாக இதனைக் காட்டுவோர் உளர். அச்சான்றை நாம் மறுக்க வேண்டியதில்லை. பொழியப்பட்ட வரங்கள் எவ்வாறு வளர்க்கப்பட்டன என்பதற்கு இந்நூல் விடை தருகிறதா என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் வினா.

அருளப்பன் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் இரேனியுஸ் ஐயரிடம் பயின்றவர். 1833இல் இந்தியாவுக்கு வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் தொடர்பால், சம்பளம் பெறாமல் விசுவாசத்தால் பிழைத்து ஊழியம் செய்யத் துணிந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்டியான்பேட்டையை நிறுவினார். 1860இல் அவ்வட்டாரத்தில் எழுப்புதல் மூண்டது. பாவ உணர்வும் கண்ணீரும் பெருகின. ஆணும் பெண்ணும் சிறுவரும் தீர்க்கதரிசனம் உரைத்தனர். அந்நியபாஷைகளும் அவற்றின் வியாக்கியானமும் வெளிப்பட்டன. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமெனப் பலரும் கருதும் 1906ஆம் ஆண்டு அசூசா தெருக் கூட்டங்களுக்கு இது 46 ஆண்டுகள் முற்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இவற்றைத் தொகுத்துத் தந்தது லாங்கின் அரிய தொண்டு. அயல்நாட்டு மிஷனின் பணமோ ஆணையோ இன்றி இந்தியர் நடத்திய ஊழியத்தை அவர் மதித்தார். ஆயினும் அவர் சகோதர சபையைச் சேர்ந்தவர். தம் காலத்து அந்நியபாஷை இயக்கத்தைக் கண்டித்து எழுதியவர். எனவே, 'இவ்வரம் மெய்யா, போலியா?' என்னும் வினாவே அவர் நோக்கில் முன் நிற்கிறது. அருளப்பனின் எழுப்புதல் மெய்யானது என்று நிறுவுவதோடு அவர் பெரிதும் நிறைவடைகிறார். ஒரு வரம் மெய்யென்று தெளிந்த பின்பு அதனைப் பேணுவது எவர் கடமை என்னும் வினா அவருடைய ஆய்வில் உரிய இடம் பெறவில்லை.

இக்குறை சிறியதன்று. திருநெல்வேலி எழுப்புதலின் அலை திருவிதாங்கூருக்கும் சென்றது. அங்கு 1870களில் யுஸ்துஸ் யோசேப்பு என்னும் சி.எம்.எஸ். குருவானவர் எழுப்புதலுக்குத் தலைமை ஏற்றார். அவர் பெற்ற பாட்டு வரம் உயர்ந்தது. அவருடைய மலையாளக் கீர்த்தனைகள் இன்றும் பாடப்படுகின்றன. ஆனால் அவருடைய குழு, 1881இல் ஆண்டவர் மீண்டும் வருவார் என்று நாள் குறித்தது. அந்நாள் கடந்து சென்றது, இயக்கமும் நலிந்தது. அவர் கல்வியற்றவரல்லர், பட்டம் பெறாதவருமல்லர். ஆகவே கல்வியும் குருப்பட்டமும் மட்டும் வரத்துக்குக் காவலாகா என்று உணர்கிறோம். தீர்க்கதரிசிகள் பேசுகையில் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று பவுல் விதித்த முறை (1 கொரி. 14:29) அங்கு வலுவாகச் செயற்படவில்லை.

'வரம்' என்னும் சொல்லும் இங்கு ஆராயத்தக்கது. நம் புராண மரபில் வரம் என்பது தவத்தின் கூலி. பெற்றவனுக்கே அது உரியது. சூரபதுமன் பெற்ற வரம் அவன் செருக்கையே வளர்த்தது. 'காரிஸ்மா' என்னும் கிரேக்கச் சொல்லோ கிருபையினின்று பிறந்தது. அது சம்பாதிக்கப்படுவதன்று, சபையின் பயனுக்காக அளிக்கப்படுவது (1 கொரி. 12:7). நாம் சொல்லை வேதத்திலிருந்து எடுத்துக்கொண்டு, பொருளைப் புராணத்திலிருந்து எடுத்துக்கொள்வதால்தான் வரம் பெற்றவரை வியந்து நிற்கிறோம். அவரை வளர்க்க முற்படுவதில்லை.

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட நிருபங்கள் வேறு வழி காட்டுகின்றன. பாட்டியும் தாயும் விசுவாசத்தை ஊட்டினர் (2 தீமோ. 1:5). மூப்பர் சங்கம் கைகளை வைத்தது (1 தீமோ. 4:14). அவனது தேர்ச்சி யாவருக்கும் விளங்க வேண்டுமெனப் பவுல் எதிர்பார்த்தார் (4:15). வரத்தை எழுப்புமாறு கூறும் இடத்தில் (2 தீமோ. 1:6) அவர் ஆளும் கிரேக்க வினை, தணிந்த நெருப்பை மீண்டும் கனலச் செய்வதைக் குறிக்கும். சாம்பல் மூடிய தணலை விடியற்காலையில் ஊதுகுழலால் ஊதும் தாய்மார் இதை நன்கறிவர். ஊதாவிடில் அவியும்; காவலின்றி விட்டால் கூரையைப் பற்றும். இல்லம், சபை, தன் முயற்சி ஆகிய மூன்றும் கூடியதே வளர்ப்பு.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ஆடலூர், பன்றிமலை முதலிய கீழ்ப்பழனி மலையூர்களில் காப்பித் தோட்ட வேலையை நம்பி வாழும் சிறு கூட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஆயர் அங்கு நாள்தோறும் இருத்தல் இயலாது. அவர் வராத நாட்களில் சபையைத் தாங்குவது யார்? நோயுற்றோரைத் தேடிச் செல்லும் விதவை, சண்டையைத் தீர்த்துவைக்கும் முதியவர், பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிக்கும் இளம்பெண் ஆகியோரே. இரக்கமும் போதனையும் பகிர்ந்தளித்தலும் வரங்களே என்று ரோமர் 12:6-8 கூறுகிறது. ஆனால் எழுப்புதல் கூட்டங்களில் இவை அறிவிக்கப்படுவதில்லை. சபைக் குழுக் கூட்டங்களிலும் எண்ணப்படுவதில்லை.

ஆதலின் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் செய்யத்தக்கவை சில உண்டு. ஒவ்வொருவரிடமும் உள்ள வரத்தைப் பெயர் சொல்லி உணர்த்துதல் முதலாவது. அதற்கேற்ற பொறுப்பை அளித்தல் இரண்டாவது. காப்பிப் பறிப்பு முடிந்து ஓய்வு கிட்டும் மாதங்களில் மறைநூல் பயிற்சி தருதல் மூன்றாவது. சபையாக அமர்ந்து, அன்போடு நிதானித்துத் திருத்துதல் நான்காவது. இவற்றுக்குப் பிரசங்க பீடத்தைப் பகிர்ந்துகொள்ளும் மனமும் வேண்டும். அம்மனம் ஆயரிடம் இல்லையெனில், மக்களின் வரங்கள் ஒன்று அவிந்துபோகும். இல்லையேல் சபைக்கு வெளியே வேறு கூரை தேடும்.

லாங்கின் நூலை நம் மாணவர்கள் கட்டாயம் பயிலட்டும். 1860இல் ஆவியானவர் செய்ததை அது காட்டுகிறது. அதன் பின் சபை செய்ய வேண்டியிருந்ததை அந்நூலில் தேடிப் பயனில்லை; அது நம் சபைகளில் இன்னும் எழுதப்பட வேண்டிய பகுதியாகும்.