பிரெஞ்சு வேலைச் சட்டையும் வேட்டைச் சட்டையும்: மரபின் கிளைகளும் தர அளவைகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் ஆலைகளும் இருப்புப்பாதைகளும் பெருகியபோது தொழிலாளர்க்கென உருவான பருத்தி மேற்சட்டைகளும், நாட்டுப்புறத்தார் வேட்டைக்கு அணிந்த சட்டைகளும் இன்று சேகரிப்போரிடையே ஒரே மரபின் கிளைகளாக மதிக்கப்படுகின்றன. இவற்றின் உறுப்புகள் பெரும்பாலும் அலங்காரத்துக்காக அமைந்தவையல்ல, ஒரு வேலையின் தேவையிலிருந்து பிறந்தவை என்பதே இவ்விணைப்புக்குக் காரணமாதலின், இவற்றின் தரத்தை அளப்பதற்கும் அத்தேவையே அளவுகோலாகிறது.

முதற்கிளை, ‘ப்ளூ து த்ரவாய்’ எனப்படும் ஆலைத் தொழிலாளரின் நீல உடையாகும். உள்துணி இல்லாத இம்மேற்சட்டையில், கருவிகளுக்கும் குறிப்பேட்டுக்கும் இடந்தரும் மூன்று ஒட்டுப்பைகள் வெளிப்புறம் தைக்கப்பட்டிருக்கும். இதற்குரிய சிறந்த துணி மோல்ஸ்கின். அதாவது, இழைகள் மிக நெருக்கமாக அமையச் சாட்டின் முறையில் நெய்யப்பட்டு, காற்றை எளிதில் உட்புக விடாத தடித்த பருத்தித் துணி. 1927இல் தொடங்கிய வெட்ரா, 1956இல் பர்கண்டிப் பகுதியின் திகுவானில் தோன்றிய லு லபுரர் ஆகிய நிறுவனங்கள் இக்கிளையைத் தொடர்ந்து பேணிவருகின்றன.

இரண்டாவது, கட்டடத் தொழிலாளரின் கிளை. தச்சர்கள் கருப்புக் கார்டுராயையும், வண்ணம் பூசுவோர் வெள்ளைத் துணியையும் கொண்டனர். தொடைப்பகுதி அகன்று கணுக்காலில் ஒடுங்கும் ‘லார்ழோ’ என்னும் தச்சர் காற்சட்டை, குனிந்து ஏறி இறங்கும் உடலுக்கு இடந்தருவதோடு, கருவிகளில் சிக்காதவாறு காலடியில் அடங்கியும் நிற்பது. லியோன் நகரத்து அதோல்ஃப் லஃபோன் என்னும் பெயர் இவ்வுடையோடு நெருங்கிய தொடர்புடையது.

மூன்றாவதான வேட்டைச் சட்டைக்குப் பின்னால் ஓர் அரசியல் வரலாறு உண்டு. பிரபுக்களின் தனியுரிமையாக இருந்த வேட்டை, 1789 ஆகஸ்டில் அவ்வுரிமைகள் ஒழிக்கப்பட்டபின் பொதுமக்களுக்கும் உரியதாகி, 1844ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமச்சீட்டு முறைக்குள் வந்தது. 1885இல் நிறுவப்பெற்ற சேந்த்-எத்தியேன் நகரத்து மனுஃப்ரான்ஸ் நிறுவனம், துப்பாக்கிகளையும் வேட்டைக்கு வேண்டிய பிற பொருள்களையும் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல் மூலம் சிற்றூர்களுக்கும் கொண்டுசென்றது. குதிரையேறி நாய்க்கூட்டத்தோடு வேட்டையாடும் குழுவினரின் சீருடையிலிருந்து வேறுபட்ட இந்த எளிய சட்டையில், முதுகுப்புறம் வேட்டைப்பொருளை இடுவதற்கான பெரும்பையும், பன்றி, மான், நாய் முதலிய உருவங்கள் புடைத்த பொத்தான்களும் காணப்படும். உருவப் பொத்தான் ஒன்றே இம்மரபு அழகுக்கு அளித்த சலுகை எனலாம்.

பழஞ்சட்டைகளை ஆராய்வோர் துணி, தையல், தேய்மானம் என்னும் மூன்றையும் நோக்குகின்றனர். துவைத்தால் சுருங்காதிருக்கச் செய்யும் முறையைக் குறிக்கும் ‘சான்ஃபர்’ முத்திரை, அம்முறை காப்புரிமை பெற்ற 1930க்கு முற்பட்ட சட்டையில் இருக்க இயலாது. பாலியெஸ்டர் கலப்போ இரண்டாம் உலகப்போருக்குப் பிற்பட்ட காலத்தைச் சுட்டும். தேய்மானத்தில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு: ஒருசாரார் அணியப்படாத பழைய இருப்பையும், மற்றொருசாரார் ஒட்டுப்போட்டும் இழையோட்டியும் செப்பனிட்ட சட்டையையும் உயர்வாகக் கொள்வர். முன்னது தைத்தவரின் திறனை மட்டுமே காட்ட, பின்னது எந்த மூட்டு எந்த வேலையில் தேய்ந்தது என்பதையும் சேர்த்துக் காட்டுதலின், சான்று என்ற வகையில் பின்னதே விஞ்சி நிற்கிறது.

நியூயார்க் தெருக்களில் நாகரிக உடைகளைப் படம்பிடித்த பில் கன்னிங்ஹாம் (1929–2016), இந்நீலச் சட்டையைத் தம் தொழிலுக்கேற்ற மலிவான உடையாகவே அணிந்தார். மரபின் இயல்பான தொடர்ச்சி அதுவே. ஆலையிலேயே செயற்கையாக வெளிறச்செய்து, ஒட்டுத்துணியும் வைத்து விற்கப்படும் இன்றைய போலிகள், தேவையின் விளைவான அடையாளத்தை அலங்காரமாக்கிவிடுவதால், துணி எத்துணை நேர்த்தியாயினும் இம்மரபின் அளவையில் தேறுவதில்லை.